கடல் தரும் புரதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீன், இறால் தொடங்கி கொலாஜன் பவுடர், ஆஸ்பத்திரி ஊசி வரைக்கும், கடல் உயிர்களின் புரதம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. உணவியலும் மீன் பதனத் தொழில்நுட்பமும் அறிந்த எங்கள் குழு பதில் சொல்கிறது.

நெய்மீன் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சாளைதான். சத்தில் குறை வைக்கிறேனோ என்று மனசு உறுத்துகிறது. (வாசகி, நாகர்கோவில்)

உறுத்தலே வேண்டாம். பச்சை மீனின் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. நெய்மீன் (வஞ்சிரம்) ஆனாலும் சாளை (மத்தி) ஆனாலும் அயிலை (கானாங்கெளுத்தி) ஆனாலும் ஓரிரு கிராம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். இறாலும் ஏறக்குறைய அதே அளவு. கணவாய் 16 கிராம் பக்கம். நெய்மீனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அதன் ருசிக்கும், முள் குறைந்த துண்டுக்கும். புரதக் கணக்கில் சாளை எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. ஒமேகா-3 கொழுப்பும் அதில் தாராளம். பொடி முள்ளை மென்று தின்றால் கால்சியமும் சேரும்.

அளவுக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு 23 கிராம். 50 கிராம் சாளைச் சதை பிள்ளையின் தட்டில் விழுந்தாலே அதில் 10 கிராம் வந்துவிடும். மிச்சத்தைப் பருப்பும் பாலும் முட்டையும் பார்த்துக்கொள்ளும். கடையில் நிறுக்கும் எடையை அப்படியே சதையாகக் கணக்குப் போடாதீர்கள். தலை, குடல், செதில் போனால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும்.

சோற்றோடு மீன் சேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் அடிப்படை அலகுகளில் ஒன்று) குறைவு. மீனில் அது நிறைய. ஒரு தட்டில் இரண்டும் சேரும்போது அரிசியின் குறை அங்கேயே அடைபடுகிறது. மீன் சதையில் இணைப்புத் திசு ஆட்டுக்கறியைவிட மிகக் குறைவாக இருப்பதால் சிறு பிள்ளைக்கும் பல் போன தாத்தாவுக்கும் எளிதில் செரிக்கும். வீட்டில் யாருக்காவது யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் தொல்லை இருந்தால், அவருக்குச் சாளை, நெத்திலி, இறால் மூன்றையும் குறையுங்கள். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அவற்றில் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் எந்தப் புரதமானாலும் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கணவாய் வறுத்தால் ரப்பர் மாதிரி ஆகிறது. மீன் குழம்பு வைத்தால் துண்டு உடைந்து கரைகிறது. இரண்டுக்கும் என்ன செய்யலாம்? (வாசகி, கடலூர்)

இரண்டும் புரதம் சூட்டுக்குக் காட்டும் குணம். கணவாயின் சதை இழைகளைச் சுற்றிக் கொலாஜன் அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கிறது. சூடு ஏறியதும் அது சுருங்கி, சதையிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். அந்த நிலையில் இறக்கினால் ரப்பர்தான். ஆகவே இரண்டு வழி. ஒன்று, அடிகனமான சட்டியை நன்றாகக் காயவைத்து, ஈரம் துடைத்த வளையங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 2 நிமிடத்தில் எடுத்துவிடுவது. மொத்தமாகக் கொட்டினால் சட்டி ஆறி, தண்ணீர் விட்டு, வறுவல் வேகவைத்த கணவாயாகிவிடும். இன்னொன்று, மசாலாவில் மூடி போட்டுச் சிறுதீயில் 40 நிமிடத்துக்குக் குறையாமல் வேகவிடுவது. அந்த நேரத்தில் சுருங்கிய கொலாஜன் ஜெலட்டினாக இளகிவிடும். இடைப்பட்ட 10, 15 நிமிடம்தான் கெடுக்கும் நேரம்.

மீனில் கொலாஜன் சொற்பம், அதுவும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். அதனால்தான் துண்டு உடைகிறது. புளிக்கரைசலும் மசாலாவும் பச்சை வாசனை போகக் கொதித்துக் கெட்டியான பிறகு மீனைப் போடுங்கள். துண்டின் கனத்தைப் பொறுத்து 7, 8 நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியின் சூட்டில் மீன் வெந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

'மரைன் கொலாஜன்' என்று டப்பாவில் வருகிறதே, தோல் சுருக்கம் போகுமா? விலை அதிகம், வாங்கலாமா? (வாசகி, சென்னை)

முதலில் அது என்ன என்று பார்ப்போம். மீனின் தோல், செதில், முள் ஆகியவற்றில் இருக்கும் கொலாஜனை வெளியே எடுத்து, நொதி சேர்த்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக (பெப்டைடுகளாக) வெட்டி உலர்த்தியதுதான் அந்தப் பவுடர். முழுக் கொலாஜன் தண்ணீரில் கரையாது. வெட்டிய துண்டுகள் கரையும், எளிதில் உறிஞ்சப்படும். மீன் கழிவாகப் போக வேண்டிய பொருளுக்கு இது நல்ல பயன் என்பதில் சந்தேகமில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் இதற்கான தயாரிப்பு முறைகளை உருவாக்கியிருக்கிறது.

பலன் என்ன? நாள்தோறும் 2.5 முதல் 10 கிராம் வரை 8 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் ஓரளவு கூடியதாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவை கொலாஜன் விற்கும் நிறுவனங்கள். அப்படிப் பணம் பெறாத ஆய்வுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பலன் மங்கிவிடுகிறது. எங்கள் கருத்து இதுதான்: வெயிலில் போகும்போது குடையும் சன்ஸ்கிரீனும் தருகிற பாதுகாப்பை எந்தக் கொலாஜன் டப்பாவும் தராது. அதைச் செய்த பிறகும் கையில் காசு மிச்சமிருந்து, ஆசையும் இருந்தால் 3 மாதம் எடுத்துப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

வாங்குவதானால் சில விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள். ஒரு கரண்டியில் எத்தனை கிராம் கொலாஜன் பெப்டைடு என்று எண்ணில் எழுதியிருக்க வேண்டும். சில டப்பாக்களில் கரண்டி 10 கிராம் என்றிருக்கும், உள்ளே கொலாஜன் 4 கிராம்தான், மீதி சர்க்கரையும் வாசனையும். எந்த மீனிலிருந்து எடுத்தது என்பதும், கன உலோகச் சோதனை செய்ததா என்பதும் தெரிய வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண் கட்டாயம். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. காலை உணவுக்குப் பதிலாகப் புரோட்டீன் ஷேக் போல இதைக் கலக்கிக் குடிக்கிறார்கள். கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அறவே கிடையாது. அதனால் அது முழுமையான புரதம் ஆகாது, தசையை வளர்க்க ஒரு முட்டைக்கு ஈடாகாது. உடல் தானே கொலாஜன் செய்துகொள்ள வைட்டமின் சி தேவை. ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ அந்த வேலைக்குப் போதும்.

மீன் தலைக் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கூழாக உறைந்திருக்குமே, அது தலையிலும் தோலிலும் இருந்து இறங்கிய கொலாஜன்தான். டப்பாவில் இருப்பதுபோல் அதன் அளவு திட்டமாகத் தெரியாது என்பது உண்மை. ஆனாலும் மீன் தலையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கொலாஜன் டப்பா வாங்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

கல்யாண வீட்டில் சூரை மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, வயிற்றுப்போக்கு. உடன் சாப்பிட்ட மூன்று பேருக்கும் அப்படியே. எனக்கு மீன் அலர்ஜியா? (வாசகர், ராமநாதபுரம்)

ஒரே பந்தியில் பலருக்கு ஒன்றாக வந்தது என்பதுதான் இதில் துப்பு. இது பெரும்பாலும் ஹிஸ்டமின் நஞ்சேற்றம். ஒவ்வாமை என்றால் அந்த ஆளுக்கு மட்டும் வரும், ஒவ்வொரு முறையும் வரும்.

சூரை, அயிலை, சாளை மூன்றின் சதையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் சதைக்குள் பரவி, அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. நம் ஊர் வெயிலில் சில மணி நேரமே இதற்குப் போதும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு மீனில் கிலோவுக்கு 200 மி.கி. ஹிஸ்டமினை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், உண்டான ஹிஸ்டமின் எதற்கும் அசையாது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும், டப்பாவில் அடைத்தாலும் அப்படியே இருக்கும். கெட்ட நாற்றம் வராத மீனிலும் இருக்கலாம். சிலருக்கு நாக்கில் மிளகு போலச் சுருக்கென்று இருக்கும். அப்படித் தோன்றினால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள்.

வராமல் தடுக்க ஒரே வழி ஐஸ். படகிலும் சந்தையிலும் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அடியிலும் மேலேயும் பரப்பி, உருகும் நீர் வடிய வழி விட்டு வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குடல், செவுள் நீக்கிக் கழுவி, 4 டிகிரிக்குக் கீழே வைத்து, ஒரு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்த மீனை வெளியே மேடையில் வைத்து உருக்காமல், முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கல்யாண வீடுகளில் கோளாறு வருவது பெரும்பாலும் இங்கேதான். விடியற்காலை வந்து இறங்கிய மீன் மதியம் வரை அண்டாவில் ஐஸ் இல்லாமல் காத்திருக்கும்.

ஹிஸ்டமினால் வரும் தொல்லை வழக்கமாகச் சில மணி நேரத்தில் அடங்கும். மருத்துவர் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை தருவார். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் காரணத்தை ஆராயாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உண்மையான ஒவ்வாமை வேறு சங்கதி. துடுப்பு மீன்களில் பார்வால்புமின் என்ற புரதமும், இறால், நண்டு, கணவாயில் டிரோபோமயோசின் என்ற புரதமும் காரணம். இரண்டும் சமையல் சூட்டுக்கு அழியாதவை. இரண்டும் வேறு வேறு என்பதால் இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மீன் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் டிரோபோமயோசின் கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருப்பதால், தூசி ஒவ்வாமை உள்ள சிலருக்கு இறாலும் அரிக்கிறது. 'மீனில் இருக்கும் அயோடின்தான் அலர்ஜி' என்று சொல்வது தவறு. காரணம் புரதமே. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் நண்டுக் குச்சி பெரும்பாலும் நண்டே இல்லாதது. மீன் சதையை அலசிப் பிசைந்து, மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்வது. மீன், முட்டை, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் உறையில் இருக்கும் பட்டியலைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

மகளுக்குப் பிரசவமாகி 20 நாள். தாய்ப்பால் ஊற வாரம் மூன்று நாள் சுறா புட்டு கொடுக்கலாமா? (வாசகி, நாகப்பட்டினம்)

பிள்ளை பெற்றவளுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும் என்ற உங்கள் கரிசனம் முற்றிலும் சரி. மீனைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். சுறா பிற மீன்களைத் தின்று பல ஆண்டு வாழும் உயிர். கீழுள்ள மீன்களின் பாதரசம் படிப்படியாக அதன் உடலில் சேர்கிறது. மீனில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம் கொழுப்பில் தங்குவதில்லை. சதைப் புரதத்தின் கந்தக முனைகளில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே தோலை உரித்தாலும், வேகவைத்த நீரைக் கொட்டினாலும், மஞ்சள் போட்டுப் பிழிந்தாலும் அது போகாது. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் ஓரளவு போகும். வளரும் மூளைக்கு அது ஆகாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவையும் வாள்மீனையும் வைத்திருக்கிறது. பாதரசம் குறைந்த மீன்களை வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடச் சொல்கிறது. உங்கள் ஊர்ச் சந்தையில் அதற்குப் பஞ்சமே இல்லை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, இறால் போதும். பால் பெருக முக்கியமாக வேண்டியது குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதும், தாய்க்கு வயிறார உணவும் தண்ணீரும் ஓய்வும். புட்டின் ருசிதான் வேண்டும் என்றால், கானாங்கெளுத்தியை ஆவியில் வேகவைத்து முள் நீக்கி உதிர்த்து, அதே பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, சீரகத்தோடு கிளறிக் கொடுங்கள். பூண்டை வழக்கத்தைவிடக் கூட்டிப் போட்டால் நன்றாக இருக்கும்.

நோன்புக்குக் கடற்பாசி செய்கிறோம். அதில் புரதம் உண்டா? ஸ்பைருலினா மாத்திரை புரதத்துக்கு நல்லதா? (வாசகி, கீழக்கரை)

நோன்புக் கடற்பாசி அகர். அது பாசியிலிருந்து எடுத்த மாவுச்சத்து வகை. புரதம் என்று சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் ஊற்றும் பாலில் இருந்துதான் புரதம் வருகிறது. ஜப்பானியர் சோற்றைச் சுற்றும் நோரி போன்ற சில சிவப்புப் பாசிகளின் உலர் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் ஒரு தாள் 3 கிராம்தான் இருக்கும்.

ஸ்பைருலினா என்ற நுண்பாசியிலும் அதே கணக்குதான். உலர் எடையில் 55 முதல் 70 சதவீதம் புரதம் என்பது உண்மை. நாளைக்கு 3 கிராம் விழுங்கினால் 2 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். அசைவம் சாப்பிடாதவர்கள் பி12-க்காக ஸ்பைருலினாவை நம்புவதும் சரியில்லை. அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12.

மீனோடு தயிர் சேர்ந்தால் வெண்குஷ்டம் வரும் என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

வராது. மீன் புரதமும் பால் புரதமும் குடலில் அமினோ அமிலங்களாகவே பிரிகின்றன. வங்காளத்தில் தயிரில் மீன் சமைப்பது பரம்பரை வழக்கம். நீங்கள் சொல்லும் நிலைக்கு வெண்புள்ளி என்று பெயர். உடலின் எதிர்ப்பு சக்தி தோலின் நிறமி அணுக்களைத் தாக்குவதால் வருவது. தொழுநோய்க்கும் அதற்கும் தொடர்பே இல்லை, தொற்றவும் செய்யாது. 'குஷ்டம்' என்ற சொல்லால் எத்தனையோ பேரின் கல்யாணமும் வேலையும் தடைபடுகின்றன. அந்தச் சொல்லை விட்டுவிடுவோம்.

மீன் அமிலம் தயாரித்தேன். 10 நாளில் புழு வைத்து, தெருவே நாறிவிட்டது. எங்கே தவறு? (விவசாயி, சீர்காழி)

அநேகமாக வெல்லம் குறைந்திருக்கும். பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலம் என்பது மீன் புரதத்தை அதன் குடல் நொதிகளைக் கொண்டே அமினோ அமிலங்களாக உடைப்பது. அந்த வேலை நடந்து முடியும்வரை அழுகல் பாக்டீரியாவைத் தள்ளி வைப்பது வெல்லம். அது நீரை இழுத்துக்கொள்ளும். லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு உணவாகிப் புளிப்பையும் கூட்டும். அதனால் எடைக்கு எடை போட வேண்டும்: 1 கிலோ மீன் கழிவுக்கு 1 கிலோ வெல்லம். ஈரமான கழிவுக்கு வெல்லம் கொஞ்சம் கூடினாலும் நஷ்டமில்லை, குறைந்தால் நாற்றம்தான்.

மத்தி, நெத்திலி போன்ற மலிவு மீனோ, மீன் கடைக் கழிவோ அன்றன்றைக்குக் கிடைத்ததாக இருக்கட்டும். குடலை எறியாதீர்கள், நொதி அங்கேதான் இருக்கிறது. கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு பயிருக்கு ஆகாது. கழுவினால் தண்ணீரை முழுக்க வடியுங்கள். சிறு துண்டாக வெட்டி, பொடித்த வெல்லத்தோடு பிசறி, பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ முக்கால் அளவுக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். உலோகப் பாத்திரம் அரிக்கும். மேலே ஒரு அடுக்கு வெல்லம் தூவுங்கள். வாயை இரண்டு மடிப்பு மெல்லிய துணியால் இறுகக் கட்டி, அதன்மேல் மூடியைத் தளர்வாக வையுங்கள். புழு வருவது ஈ முட்டையிடுவதால்தான், துணியில் ஓர் இடைவெளி இருந்தாலே அது நுழைந்துவிடும். மூடியை இறுக்கிவிட்டால் வாயு சேர்ந்து வாளி உப்பி வெடிக்கும். நிழலில் 21 முதல் 30 நாள் வைத்திருங்கள். தேன் நிறத்தில் நீர் பிரிந்து, பழவாசனையோடு லேசான மீன் வாடை வந்தால் பக்குவம். வடிகட்டிப் பாட்டிலில் வையுங்கள், முதல் சில நாள் மூடியைத் தளர்த்தி விடுங்கள்.

தெளிக்க 10 லிட்டர் நீருக்கு 50 மி.லி., அதிகபட்சம் 100 மி.லி. மாலையில் தெளியுங்கள். அளவு கூடினால் இளம் இலை கருகும். இது இலைவழி ஊக்கமே. ஒரு ஏக்கர் நெல்லுக்குத் தேவையான தழைச்சத்து முழுவதையும் இது தந்துவிடாது, அடியுரத்தை நிறுத்த வேண்டாம். புழு வைத்துப்போன பழைய சரக்கைச் செடிகளிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

மத்தி மீன் புரதத்தில் பிபி குறையும் என்று படித்தேன். மாத்திரையை விடலாமா? (வாசகர், மதுரை)

விடக் கூடாது. மத்திப் புரதத்தை நொதியால் வெட்டும்போது கிடைக்கும் சில சிறு பெப்டைடுகள், ரத்தக்குழாயைச் சுருக்கும் ஏசிஇ நொதியைத் தடுக்கின்றன. பிபி மாத்திரைகளில் ஒரு வகையும் அதே நொதியைத்தான் தடுக்கிறது, ஆனால் பல மடங்கு வலுவாக. ஜப்பானில் மத்தி பெப்டைடும் சூரை பெப்டைடும் சேர்த்த உணவுகளுக்கு அரசு அங்கீகாரம் உண்டு. அவற்றின் பலன் லேசானது. குழம்பு மீனில் அந்த அளவை எதிர்பார்க்கவும் முடியாது. நீங்கள் உடனே செய்யக்கூடியது, கருவாட்டைக் குறைப்பது. அதில் புரதம் ஏராளம்தான், உப்பும் ஏராளம். தின்றே ஆக வேண்டும் என்றால் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, இரண்டு முறை நீர் மாற்றிக் கழுவி, குழம்பில் உப்பே போடாமல் வையுங்கள்.

அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். சிறு வயதிலிருந்தே மீன் அலர்ஜி. இதை டாக்டரிடம் சொல்வது அவசியமா? (வாசகி, கோவை)

கட்டாயம் சொல்லுங்கள், மயக்க மருந்து நிபுணரிடமும் தனியாகச் சொல்லுங்கள். பைபாஸ் நடக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் கொடுப்பார்கள். முடிந்ததும் அதை முறிக்கக் கொடுப்பது புரோட்டமின். அது சால்மன் மீனின் விந்துவிலிருந்து எடுக்கும் புரதம். 1874-இல் ஃபிரெட்ரிக் மீஷர், ரைன் நதி சால்மனில் இதைக் கண்டார். நேர்மின் சுமை நிறைந்த புரோட்டமின், எதிர்மின் சுமை நிறைந்த ஹெபாரினை இறுகப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். 100 யூனிட் ஹெபாரினுக்கு ஏறத்தாழ 1 மி.கி. வேகமாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சரியும் என்பதால் 10 நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மிகாமல் மெதுவாகக் கொடுப்பார்கள்.

மீன் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை சதையின் பார்வால்புமினோடுதான். ஆகவே அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் போகவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர்கள் ஆயத்தமாக இருப்பார்கள். அவர் என்பிஎச் வகை இன்சுலின் போட்டுக்கொண்டவரா, கருத்தடை அறுவை செய்துகொண்டவரா என்பதையும் சொல்லுங்கள். அந்த இன்சுலினில் புரோட்டமின் கலந்திருக்கிறது. கருத்தடை செய்த ஆண்களில் சிலருக்கு விந்துப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடல் புரதம் இன்னும் பல வேடங்களில் வருகிறது. உடலில் செலுத்தும் ஊசி மருந்துகளில் பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று சோதிக்க, குதிரைலாட நண்டின் நீல ரத்த அணுக்களிலுள்ள உறைவுப் புரதங்கள் பயன்படுகின்றன. நச்சு துளி இருந்தாலும் கரைசல் உறைந்துவிடும். இதற்காக அமெரிக்கக் கரையில் ஆண்டுதோறும் நண்டுகளைப் பிடித்து ரத்தம் எடுக்கிறார்கள், அதில் ஒரு பகுதி செத்தும் போகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங், ஹோ பௌ இருவரும் அந்தப் புரதங்களில் முக்கியமான ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அது எங்கும் பரவினால் நண்டுகள் பிழைக்கும்.

சால்மன் கால்சிடோனின் என்ற 32 அமினோ அமில ஹார்மோன் எலும்புத் தேய்மானத்துக்கு மூக்கில் அடிக்கும் மருந்தாக இருந்தது. நீண்ட நாள் பயன்படுத்தினால் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடுகிறது என்று 2012-இல் ஐரோப்பிய மருந்து முகமை அந்தப் பயன்பாட்டை வேண்டாம் என்றது. உங்கள் வீட்டில் யாராவது மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து வந்தது சிகோனோடைடு, 25 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேராவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வுகள் வழியாக வந்து, 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்குத் தண்டுவட நீரில் சிறு பம்பு மூலம் செலுத்துவார்கள். மார்பின் போல அடிமைப்படுத்தாது, ஆனால் மனக்குழப்பம் வரலாம். இந்த நத்தை இனங்கள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அழகான ஓடு என்று பிள்ளைகள் உயிருள்ளதைக் கையில் எடுக்க விடாதீர்கள். சில இனங்களின் கொட்டு மூச்சை நிறுத்தும், முறிமருந்து கிடையாது.

தீக்காயத்தில் மீன் தோல் ஒட்டும் வீடியோ பார்த்தேன். வீட்டில் செய்யலாமா? (வாசகி, ஈரோடு)

வேண்டவே வேண்டாம். பிரேசிலின் ஃபோர்டலேசாவில் மருத்துவர்கள் பயன்படுத்துவது கிருமிநாசினியில் ஊறவைத்து, கிளிசரினில் பதப்படுத்தி, கதிர்வீச்சால் கிருமி நீக்கிய திலாப்பியா தோல். அது நன்னீர் மீன். ஐஸ்லாந்தில் காட் என்ற கடல் மீனின் தோலில் அணுக்களை நீக்கிவிட்டு, கொலாஜன் சட்டகத்தை மட்டும் வைத்து ஆறாத புண்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சட்டகத்தில் நம் தோல் அணுக்கள் ஏறிப் படர்ந்து புண்ணை மூடுகின்றன. சந்தை மீனின் தோலிலோ புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும்.

தீக்காயம் பட்டால் மோதிரம், வளையலைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மாவு, மை எதுவும் போடாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலோ, உள்ளங்கை அகலத்துக்கு மேலோ பட்டிருந்தால் காத்திருக்காதீர்கள்.